செட்டை நாமே மாட்டலாமா? கார் ரேடியோவின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோடை ஒரு ஆரஞ்சு கலர் ஒயர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கும்போது அப்பா ஒரு கார் வாங்கினார். சின்ன ஹேட்ச்பேக், இருக்கிறதிலேயே விலை குறைந்த மாடல். அதுல ஸ்டீரியோ கிடையாது. டாஷ்போர்டில் ஸ்டீரியோ வரவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. எங்க ஏரியாவில் இருந்த ஒரு கடையில் செட் வாங்கி அங்கேயே மாட்டினோம். அரை மணி நேரத்தில் வேலை முடிஞ்சுது. பாட்டு நல்லாத்தான் பாடிச்சு.

நாலு மாசம் கழிச்சு, விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். ரிசப்ஷன் முடிஞ்சு ராத்திரி சென்னைக்குத் திரும்பி வர்றோம். திண்டிவனம் தாண்டியதும் பின்னாடி ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறான். அப்பா ஓரமா ஒதுங்கி வழி விட்டார். லாரி பக்கத்தில் வந்ததும் கிளீனர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "அண்ணே, பின்னாடி லைட்டே எரியலண்ணே!"ன்னு கத்திட்டுப் போனான்.

இறங்கிப் பார்த்தா, உண்மைதான். ஹெட்லைட் எரியுது. பின்னாடி ரெண்டு சிவப்பு லைட்டும் செத்துக் கிடக்கு. மீட்டர் லைட்டும் இல்லை. எவ்வளவு நேரமா அப்படி ஓட்டிக்கிட்டு வந்தோம்னு யாருக்கும் தெரியாது. தங்கச்சி பின் சீட்டில் தூங்கிக்கிட்டு இருந்தா. மிச்ச தூரம் முழுக்க ஹஸார்டு லைட்டைப் போட்டுக்கிட்டே இடது ஓரமா வந்து சேர்ந்தோம்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ஃப்யூஸை மாத்தினார். மூணு நாளில் மறுபடியும் போச்சு. ரெண்டாவது தடவைதான் அவர் ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பார்த்தார். பின்னாடி ஒரு ஆரஞ்சு ஒயர். மேலே சுத்தியிருந்த டேப் வெயிலில் இளகி நழுவிப்போய், உள்ளே இருந்த செம்பு செட்டோட இரும்பு உடம்பைத் தொட்டுக்கிட்டு இருந்தது. அந்த ஆரஞ்சு ஒயரோட வேலை என்ன தெரியுமா? "ராத்திரி ஆயிடுச்சு, பட்டன்களுக்கு வெளிச்சம் கொடு"ன்னு செட்டுக்குச் சொல்றது. அதுக்கான கரண்ட் பார்க்கிங் லைட் லைன்ல இருந்து வருது. அது இரும்பைத் தொட்டா ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போனா பின் லைட்டும் சேர்ந்து போகும்.

அதாவது, பாட்டுப் பெட்டி எங்க காரோட பின் லைட்டை அணைச்சிருக்கு.

அப்பா அன்னிக்கே தீர்ப்பு சொல்லிட்டார்: "இனிமே அந்த ஒயர்ல யாரும் கை வைக்கக் கூடாது." இத்தனை வருஷமா யாரும் வைக்கலை. போன மாசம் அந்த செட் ஒரேயடியாகச் செத்துப் போச்சு. "புதுசு வாங்கி நானே மாட்டுறேன்பா"ன்னு சொன்னேன். அவர் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலேயே, "நீ பார்க்கிறது கம்ப்யூட்டர் வேலைடா. இது கார்"ன்னார்.

நியாயமான பேச்சுதான். அதனால ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டேன். கார்ல ரேடியோ மாட்டுறது யார் வேலையா இருந்தது? எப்போ அது நம்ம வேலையா மாறிச்சு? அந்தக் கதைதான் இன்னிக்கு.

பேங்க் அதிகாரியின் பேக்கார்ட்

சிகாகோவுக்குப் போவோம். 1928. பால் கால்வின் என்பவர் தன் தம்பி ஜோசப்புடன் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி தொடங்கினார். வீட்டு ரேடியோக்கள் அப்போ பேட்டரியில் ஓடின. அவற்றை வீட்டு மின்சாரத்தில் ஓட வைக்கும் ஒரு பெட்டிதான் அவர்களுடைய சரக்கு. ஆனால் நேரடியா பிளக்கில் சொருகும் ரேடியோக்கள் வந்ததும் அந்தப் பெட்டிக்குத் தேவை இல்லாமல் போச்சு. 1929 கடைசியில் பங்குச் சந்தையும் சரிந்தது. கம்பெனி பிழைக்கப் புதுசா ஏதாவது வேணும்.

கார் ரேடியோ அப்போ இல்லாத பொருள் இல்லை. இருந்தது, ஆனால் விலை ஜாஸ்தி. மாட்டுறது பெரிய பாடு. இதையே கட்டுப்படியான விலைக்குச் செய்யலாம்னு கால்வின் இறங்கினார். அவர்கூட இந்த வேலையில் கை கொடுத்தவர்களில் ரெண்டு பேர் முக்கியம்: எல்மர் வேவரிங், பில் லியர். அந்த லியர்தான் பின்னாடி லியர்ஜெட் விமானம் செய்தவர். பெயர் ஞாபகம் வெச்சுக்கங்க, மறுபடியும் வருவார்.

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. அங்கே ஸ்டால் போட கால்வினிடம் காசு இல்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் செட்டை மாட்டி சிகாகோவில் இருந்து ஓட்டிக்கிட்டே போனார். மாநாட்டுக்கு வெளியே காரை நிறுத்தி சத்தத்தைக் கூட்டி வெச்சார். போற வர்றவங்க எட்டிப் பார்த்தாங்க. ஆர்டர் வந்தது. மோட்டார்ல இருந்து 'மோட்டர்', அந்தக் காலத்து விக்ட்ரோலா மாதிரியான பாட்டுப் பெட்டிப் பெயர்களில் இருந்து 'ஓலா'. அப்படித்தான் 'மோட்டரோலா'ங்கிற பெயர் பிறந்தது. நம்ம அண்ணன்மார் கையில் மடக்கி மடக்கித் திறந்த அந்த போனோட பெயர், ஒரு கார் ரேடியோவோட பெயர்.

மாநாட்டுக்கு முந்தைய ஒரு கதையும் உண்டு. கம்பெனி வரலாற்றைப் பேசுறவங்க தவறாமல் சொல்ற கதை. கடன் கேட்கப் போன கால்வின், பேங்க் அதிகாரியை மடக்க ஒரு வழி யோசிச்சார். அவருடைய பேக்கார்ட் காரிலேயே ஒரு ரேடியோ மாட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அந்த பேக்கார்ட் தீப்பிடிச்சுக்கிச்சு. கடன் கிடைக்கலைன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நான் படிக்கிறதை நிறுத்திட்டேன். செட்டைச் செய்தவங்களே, அதுவும் பெரிய மனுஷனோட வண்டின்னு கவனமா மாட்டினதே எரிஞ்சிருக்கு. அப்பா சொன்னது ஒருவேளை சரிதானோ?

ஏன் அவ்வளவு கஷ்டம்?

1930-ல் ஒரு காரில் ரேடியோ மாட்டணும்னா என்னென்ன செய்யணும்னு பாருங்க.

முதல்ல கரண்ட். அன்றைய ரேடியோவில் இருந்தது வால்வுகள். கண்ணாடிக் குழாய்கள். அவை வேலை செய்ய 100 வோல்ட்டுக்கு மேல வேணும். காரில் இருந்த பேட்டரியோ 6 வோல்ட். அதனால 45 வோல்ட் பேட்டரிகளை மூணு, நாலுன்னு வரிசையா இணைச்சு, காரோட தரைப் பலகையைப் பெயர்த்து அடியில் வெச்சாங்க. அவை தீர்ந்து போனா மாத்தணும்.

ரெண்டாவது ஆன்டெனா. அன்றைய கார்களில் பலவற்றுக்குக் கூரையின் நடுப்பகுதி துணிதான், முழு இரும்பு இல்லை. உள் துணியைப் பிரிச்சு, கூரைக்குள்ள கம்பி வலையைப் பரப்பி, மறுபடி தைச்சு மூடணும்.

மூணாவது இரைச்சல். ஸ்பார்க் பிளக்னு பேரே சொல்லுதே, ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். இன்ஜின் ஓடினாலே ரேடியோவில் பட்பட்னு சத்தம் கேட்கும். அதை அடக்க ஒவ்வொரு பிளக் ஒயரிலும் ஒரு ரெசிஸ்டர், ஜெனரேட்டரில் ஒரு கண்டென்சர்.

இப்போ இதைக் கூட்டிப் பாருங்க. ஒரு ரேடியோ மாட்ட தரை, கூரை, இன்ஜின், பேட்டரி எல்லாத்திலும் கை வைக்கணும். ரெண்டு பேர் நாள் கணக்கில் செய்யுற வேலை. செட்டோட விலை 110 முதல் 130 டாலர். அப்போ ஒரு புது ஃபோர்டு மாடல் ஏ காரே சுமார் 500 டாலருக்குக் கிடைத்தது. ஐந்து லட்ச ரூபாய் காருக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஸ்டீரியோ வாங்குற மாதிரி. அதைத் தெரியாத கையில் யார் கொடுப்பாங்க?

சாஃப்ட்வேர்ல நாங்க இதுக்கு ஒரு பெயர் வெச்சிருக்கோம்: டைட் கப்ளிங். ஒரு பகுதியை மாத்தணும்னா இன்னும் பத்து பகுதியில் கை வைக்க வேண்டி வர்ற நிலை. 1930-ல் ரேடியோவும் காரும் அப்படித்தான் இருந்தன. பேக்கார்ட் எரிஞ்சதுக்கு யாரோட கவனக்குறைவையும் தேட வேண்டாம். தொட வேண்டிய இடம் அவ்வளவு இருந்தா, ஏதாவது ஒரு இடத்தில் தப்பு நடக்கும்.

கால்வினுக்கும் இது புரிஞ்சது. நல்ல ரேடியோ செய்தா மட்டும் போதாது, நல்லா மாட்டத் தெரிஞ்ச ஆட்களும் வேணும். 1930-களின் நடுவில் பி.எஃப். குட்ரிச் டயர் கடைகளோடு ஒப்பந்தம் போட்டாங்க. டயர் மாத்துற இடத்திலேயே ரேடியோவும் மாட்டித் தருவாங்க. கார்ல ரேடியோ மாட்டுறது ஒரு தனித் தொழிலாகவே ஆனது. இன்னிக்கு சென்னை ஜி.பி. ரோட்டில் காரை நிறுத்தினா ஜன்னல்கிட்ட ஓடி வர்ற பசங்க இருக்காங்களே, அவங்க தொழிலோட பூர்வீகம் இந்த மாதிரி இடங்கள்தான்.

சுருங்கிய பெட்டி

அடுத்த ஐம்பது வருஷத்தை வேகமா கடந்துடலாம். அதுல நடந்தது ஒண்ணே ஒண்ணுதான்: ரேடியோ தொட வேண்டிய இடங்கள் ஒவ்வொண்ணா குறைஞ்சுக்கிட்டே வந்தன.

'வைப்ரேட்டர்'னு ஒரு கருவி வந்தது. 6 வோல்ட்டையே தட்டித் தட்டி உயர் வோல்டேஜாக மாத்த உதவும். தரைக்கு அடியில் இருந்த பேட்டரிகள் போயின. முழு இரும்புக் கூரை வந்தது, கூரைக்குள் வலை வேலை செய்யாமல் போய், ஆன்டெனா வெளியே ஒரு கம்பியா வந்து நின்னது. 1955-ல் கிரைஸ்லரும் பில்கோவும் சேர்ந்து முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவை அறிவிச்சாங்க. டிரான்சிஸ்டருக்கு உயர் வோல்டேஜே வேண்டாம். வைப்ரேட்டரும் போச்சு. 1965-ல் ஃபோர்டு தன் புது கார்களில் 8 டிராக் டேப்பைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யார்னு நினைக்கிறீங்க? நம்ம பழைய பில் லியர்தான். அதுக்கப்புறம் பிலிப்ஸோட கேசட் வந்து அதையும் ஓரம் கட்டிச்சு.

இப்படியே பெட்டி ஒரு கையில் பிடிக்கிற அளவுக்கு வந்துடுச்சு. அப்போ நாமளே மாட்ட ஆரம்பிச்சிருக்கணும் இல்லையா? இல்லை. அதுக்கு இன்னொருத்தர் வரவேண்டியிருந்தது.

1974. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், சார்லட்ஸ்வில் ஊர். பில் கிரட்ச்ஃபீல்டுங்கிற இளைஞர் ஒரு பழைய போர்ஷே 356 காரைச் சரிசெய்துக்கிட்டு இருந்தார். அதுக்கு ஒரு ஸ்டீரியோ தேடினார். தபாலில் கார் ஸ்டீரியோ விக்கிற ஒரு நல்ல இடமே இல்லை. சரி, நாமளே ஆரம்பிப்போம்னு அம்மா வீட்டு அடித்தளத்தில் கடையைத் தொடங்கினார். விலைப்பட்டியல் அச்சடிச்சு அனுப்பினார். வியாபாரம் ஆகலை. மூடிடலாமான்னு யோசிக்கிற நிலை.

அப்போ அவர் ஒரு காரியம் செய்தார். வாடிக்கையாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். வந்த பதில்களில் இருந்து அவருக்கு விளங்கினது இது: விலை பிரச்சினை இல்லை, சரக்கும் பிரச்சினை இல்லை. செட்டை வாங்கிட்டு அதை எப்படி மாட்டுறதுங்கிற பயம்தான் பிரச்சினை.

அவர் பட்டியலையே மாத்தி எழுதினார். விலைக்குப் பக்கத்தில் விளக்கம், எப்படித் தேர்ந்தெடுக்கணும், எப்படி மாட்டணும்னு பத்திரிகை மாதிரி கட்டுரைகள். வியாபாரம் ஏறிச்சு. பின்னாட்களில் அந்த கம்பெனி ஒவ்வொரு கார் மாடலையும் பிரிச்சுப் பார்த்து, அளந்து, எந்தக் காருக்கு எது பொருந்தும்னு குறிச்சு வெச்சுக்க ஆரம்பிச்சது. கார் மாடலைச் சொன்னா அதுக்கான பாகமும் வழிமுறையும் சேர்ந்தே வரும்.

பாதி பயத்துக்கு மருந்து தகவல்தான்னு எனக்கு இந்தக் கதையில் புரிஞ்சது. மீதி பாதிக்கு மருந்து இன்னொண்ணு.

180-க்கு 50

ரெண்டு எண் சொல்றேன்: 180 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர். அகலமும் உயரமும்.

அதுக்கு முன்னாடி ஒவ்வொரு காரும் ஒரு தினுசு. ரெண்டு குமிழ்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளிங்கிறதே மாடலுக்கு மாடல் மாறும். பொருந்தலைன்னா டாஷ்போர்டை அறுப்பாங்க. ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான 'டின்' கார் ரேடியோவுக்கு ஒரு அளவு வகுத்தது. 1984-ல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. கடையில் "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா?"ன்னு கேட்பாங்களே, அது இதுதான். டபுள் டின்னா உயரம் மட்டும் 100.

இந்த அளவு வந்தபிறகு ஜப்பான்ல செய்த செட் ஜெர்மன் காரில் நுழைஞ்சது. பின்னாடி ஒயர்களுக்கும் ஒரு கலர் ஒழுங்கு வந்தது. நீங்க எந்த பிராண்டு செட் வாங்கினாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மஞ்சள் எப்பவும் வர்ற 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா வர்றது, கருப்பு எர்த், வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அப்புறம் நம்ம ஆரஞ்சு.

காருக்குன்னு ஒரு கப்ளர், செட்டுக்குன்னு ஒரு கப்ளர், நடுவில் ரெண்டையும் இணைக்கிற ஒரு அடாப்டர். எந்த ஒயரையும் வெட்ட வேண்டாம். 1930-ல் கார் முழுக்கப் பரவியிருந்த வேலை, கையளவு பிளாஸ்டிக்குக்குள்ள அடங்கிருச்சு. நாமளே மாட்டலாம்ங்கிறது நிஜத்தில் அப்போதான் சாத்தியமாச்சு. மக்கள் திடீர்னு திறமைசாலி ஆகிடலை. காரைச் செய்யுறவங்க ஒரு இடத்தைத் திறந்து வெச்சு, "இதுவரைக்கும் நீங்க வரலாம்"னு ஒரு எல்லை போட்டாங்க.

அந்தத் திறந்த இடத்துக்கு ஒரு விலையும் இருந்தது. நாம சுலபமா கழட்டலாம்னா திருடனும் கழட்டலாம். 1980-களில் நியூயார்க்கில் நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியில் "ரேடியோ இல்லை"ன்னு அட்டை எழுதி வைக்கிற அளவுக்குத் திருட்டு. செட்டையே உருவி எடுத்துக்கிட்டுப் போற மாதிரி வந்தது, அப்புறம் முகப்பை மட்டும் கழட்டுற மாதிரி வந்தது. நம்ம மாமாக்கள் ஹோட்டல் மேஜையில் சாவி பக்கத்தில் ஒரு சின்ன கருப்பு டப்பாவை வெப்பாங்களே, அதுதான்.

மறுபடியும் ஒட்டிக்கொண்ட ரேடியோ

அதே 80-களில் இன்னொரு வேலையும் நடந்தது. காரில் மின்சாதனங்கள் கூடக் கூட ஒயர்களும் கூடின. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஒயர்னு போனா கட்டுப்படியாகாது. 1983-ல் பாஷ் கம்பெனி ஒரு வழி தேட ஆரம்பிச்சது. 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்தியது. அதுதான் 'கேன் பஸ்'. ரெண்டே ஒயர். காரில் இருக்கிற எல்லாப் பெட்டிகளும் அதே ரெண்டு ஒயரில் மாறி மாறிப் பேசிக்கும். எங்க ஆபீஸ் நெட்வொர்க் மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது, அப்புறம் மெல்ல எல்லா கார்களுக்கும் இறங்கியது.

இதுல ரேடியோவுக்கு என்ன ஆச்சு? அதுவும் அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு ஆளா சேர்ந்துடுச்சு. 2000-களில் வந்த சில ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சீட் பெல்ட் போடலைன்னா 'டிங் டிங்'னு அடிக்குமே, அந்தச் சத்தமே ரேடியோ வழியாத்தான் வரும். ரேடியோவைக் கழட்டினா எச்சரிக்கையும் போச்சு. அமெரிக்காவில் 2018 மே மாதத்தில் இருந்து எல்லா புது கார்களுக்கும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். அந்தப் படம் தெரியுறது பெரும்பாலும் எங்கே? பாட்டுப் போடுற அதே ஸ்கிரீன்ல. இப்போ பல கார்களில் ஏசியும் அதே ஸ்கிரீன்தான்.

அதாவது, 1930-ல் இருந்த இடத்துக்கு ஒரு வகையில் திரும்பி வந்துட்டோம். அன்னிக்கு ரேடியோ கூரையையும் இன்ஜினையும் தொட்டது. இன்னிக்கு கேமராவையும் சீட் பெல்ட்டையும் தொடுது. அதுல நன்மையும் இருக்கு. செட் திருட்டு குறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா 180-க்கு 50-ன்னு நமக்காக விட்டு வெச்சிருந்த அந்த ஜன்னல் சாத்தப்படுது.

சரி, மாட்டலாமா வேண்டாமா?

இந்தக் கதையைப் படிச்சதுக்கு அப்புறம், "எனக்குத் தைரியம் இருக்கா?"ன்னு கேட்கிறதை விட்டுட்டேன். என் காரில் இந்த செட் எதையெல்லாம் தொடுதுன்னு கேட்க ஆரம்பிச்சேன். நீங்களும் அதையே கேளுங்க.

செட்டை எடுத்தா பாட்டு மட்டும்தான் போகுமா? ஆமான்னா, அது உங்க வேலை. ஏசி, கேமரா, எச்சரிக்கைச் சத்தம் எல்லாம் சேர்ந்து போகும்னா, அந்த மாடலைத் தெரிஞ்சவங்க வேலை. வாரன்டி ஓடுற காரா இருந்தா அந்தப் புத்தகத்தையும் ஒரு தடவை படிச்சுடுங்க.

அடுத்து, உங்க காருக்கு அடாப்டர் கப்ளர் கிடைக்குதா? கிடைச்சா ஒயரை வெட்டாதீங்க, வெட்டவும் விடாதீங்க. கடைக்கே போனாலும் "கப்ளர் போட்டுத்தான் மாட்டணும்"னு முன்னாடியே சொல்லிடுங்க. ஸ்டீரிங்கிலும் டாஷ்போர்டு பக்கமும் மஞ்சள் நிறக் கப்ளரோ உறையோ தெரிஞ்சா அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர். அதில் மல்டிமீட்டரைக்கூட வைக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்னாடி பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டி, கார் புத்தகம் சொல்ற நேரம் காத்திருங்க.

கடைசியா, எவ்வளவு கரண்ட்? டப்பா மேல "50 வாட், நாலு சேனல்"னு போட்டிருக்கும். மொத்தம் 200 வாட். அதே செட்டுக்குப் பின்னாடி 10 ஆம்பியர் ஃப்யூஸ். ஓடுற காரில் 14.4 வோல்ட்னு வெச்சாலும் 10-ஆல் பெருக்கினா 144 வாட்தான். 200 எங்கே இருந்து வரும்? அது ஒரு நொடி உச்சம். தொடர்ந்து வர்றது சேனலுக்கு 20 வாட் பக்கம்தான். அந்தக் கரண்டுக்குக் கார் கம்பெனி போட்ட ஒயரே தாங்கும்.

ஆனா தனி ஆம்ப் வெச்சு சப்-வூஃபர் போடணும்னா கதை வேற. 500 வாட் ஆம்ப், அதுல 80 சதவீதம்தான் சத்தமா மாறுதுன்னா, 14 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் இருந்து தடிமனான தனி ஒயர், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற இரும்புத் தகட்டைத் தாண்டி வரணும். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லைன்னா, வண்டி குலுங்கக் குலுங்கத் தகடு ஒயரை அறுக்கும். பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஒரு ஃப்யூஸ் கட்டாயம். ஆம்பைக் காப்பாத்த இல்லை. ஒயர் எரியாமல் இருக்க. அந்த பேக்கார்ட் கதை நடக்கக் கூடிய இடம் இன்னிக்கும் இதுதான்.

என் முடிவு என்னன்னா, செட் நான் மாட்டுறேன். ஆம்ப் வேண்டாம். என்னிக்காவது ஆசை வந்தா தெரிஞ்ச எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஆனா பழைய செட்டை வெளியே இழுத்தப்போதான் தெரிஞ்சது, அடாப்டரைச் சொருக எங்க காரில் கப்ளரே இல்லை. அன்னிக்கு அந்தக் கடைக்காரர் அரை மணி நேரத்தில் வேலையை முடிச்சது எப்படின்னு புரிஞ்சது. கப்ளரை வெட்டி எறிஞ்சுட்டு, ஒயரோடு ஒயரை முறுக்கி டேப் சுத்தியிருக்கார். கார் கம்பெனி நமக்காகப் போட்டிருந்த எல்லையை அவர் வெட்டினதோட விலைதான் திண்டிவனத்துல அணைஞ்ச லைட்.

அதனால என் முதல் வேலை ஸ்டீரியோ மாட்டுறது இல்லை. புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய காரைப் பிரிச்சு விக்கிற கடையில் அதே மாடலோட கப்ளரை, ஒரு சாண் ஒயரோடு வெட்டிக் கொடுத்தாங்க. காரில் இருந்த ஒவ்வொரு ஒயரையும் மல்டிமீட்டர் வெச்சு எது எதுன்னு பார்த்து, பேப்பரில் எழுதி, ஒவ்வொண்ணா ஈயம் வெச்சு, மேல சுருங்குற டியூப் போட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போச்சு. அதுக்கப்புறம் அடாப்டரும் புது செட்டும் மாட்ட ஆனது இருபது நிமிஷம். அந்த பேப்பரை மடிச்சு டாஷ்போர்டு புத்தகத்துக்குள்ள வெச்சிருக்கேன். அடுத்து யார் திறந்தாலும் அவங்களுக்கு.

இருட்டினதும் அப்பாவைக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் செட்டைப் பார்க்கவே இல்லை. "பார்க்கிங் லைட்டைப் போடு"ன்னார். போட்டேன். இறங்கி, மெதுவா காருக்குப் பின்னாடி நடந்து போனார். கண்ணாடியில் அவர் சட்டை மேல சிவப்பா வெளிச்சம் தெரிஞ்சது. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, "எரியுது"ன்னார்.

மறுநாளும் ராத்திரி போய்ப் பார்த்துட்டு வந்தார். அதுல எனக்கு வருத்தம் இல்லை. அன்னிக்கு அந்த ஹைவேயில் ஸ்டீரிங்கைப் பிடிச்சிருந்தவர் அவர்.

உங்க கார், உங்க அப்பா கார், அதுல இருக்கிற செட் எதைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.